ஜூவெட், ஜான் பன்ச்சர்ட்

ஜூவெட், ஜான் பன்ச்சர்ட் (1814–1884): அமெரிக்கப் பதிப்பாளர். ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை 1852இல் பாஸ்டன் நகரில் நூலாக வெளியிட்டவர். மெய்ன் மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில் பிறந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் புத்தகத் தொழிலைக் கற்று, 1847இல் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்து, புத்தகக் கடைகள் நிறைந்த கார்ன்ஹில் தெருவில் கடை வைத்தார். ஸ்டோவின் நாவல் வந்திராவிட்டால் இன்று அவரை யாரும் தேடப்போவதில்லை.

அந்த நாவல் வாஷிங்டனிலிருந்து வந்த 'நேஷனல் எரா' என்ற அடிமை ஒழிப்பு வார இதழில் 1851 ஜூன் முதல் தொடராக வெளிவந்தது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலத்தாரையும் கட்டாயப்படுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூடு தணியாத நேரம் அது. பாஸ்டனின் ஃபிலிப்ஸ், சாம்ப்சன் நிறுவனம் நூலாக்க மறுத்துவிட்டது. தென் மாநிலங்களில் அதற்கு இருந்த வியாபாரம் கெட்டுவிடும் என்ற அச்சமே காரணம். ஜூவெட் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பக்கம் நின்றவர். ஆனாலும் அவருக்கும் தயக்கம் இருந்தது, கதை நீண்டுகொண்டே போனதில். செல்வாக்கில்லாத ஒரு கொள்கையைப் பற்றிய நூல் ஒரே தொகுதியாக இருந்தால்தான் விற்கும் என்று ஆசிரியருக்கு எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை, நூல் இரண்டு தொகுதிகளாகவே வந்தது.

செலவில் பாதியை ஏற்றால் இலாபத்தில் பாதி என்று ஸ்டோவ் தம்பதியரிடம் அவர் கூறினார். கையில் பணமில்லாத அவர்கள் பத்து விழுக்காடு உரிமைத்தொகையே போதும் என்றனர். இரு தரப்புக்கும் பின்னால் மனக்கசப்பு முளைக்க இந்த ஒப்பந்தமே வித்திட்டது.

1852 மார்ச் 20 அன்று நூல் கடைக்கு வந்தது. இதழில் தொடர் முடிய இன்னும் சில நாட்கள் பாக்கி. முடிவை அறியத் துடித்தவர்கள் கடைக்கு வரட்டும் என்பது கணக்கு. முதலில் அச்சான 5,000 படிகளில் 3,000 முதல் நாளிலேயே போயின. ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 3,00,000 விற்றன. முதல் மூன்று மாதங்களுக்கு ஸ்டோவுக்குக் கிடைத்த உரிமைத்தொகை 10,300 டாலர்.

இவ்வளவு வேகம் கைகூடியதற்கு வார்ப்புத் தகடுகள் முக்கியக் காரணம். எழுத்தைக் கோத்ததும் பக்கத்துக்குப் பக்கம் அச்செடுத்து ஈயக் கலவையில் தகடாக வார்த்துவிடுவார்கள். கோத்த எழுத்தைப் பிரித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், தகட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் இயந்திரத்தில் ஏற்றலாம். மூன்று காகித ஆலைகளும், இரவு பகலாக ஓடும் மூன்று அச்சு இயந்திரங்களும், நூற்றுக்கு மேற்பட்ட பைண்டர்களும் இந்த ஒரு நூலுக்காகவே உழைப்பதாக ஜூவெட் விளம்பரம் செய்தார். புத்தகம் கிடைக்கவில்லை என்ற புகாரையே விற்பனைப் பேச்சாக மாற்றியது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

வாங்குவோரின் பைக்கேற்பப் பதிப்புகளையும் பிரித்தார். காகித அட்டையில் 1 டாலர், துணிக்கட்டில் ஒன்றரை டாலர், பொன் வேலைப்பாட்டுடன் 2 டாலர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏழைகளுக்கென முப்பத்தேழரை சென்ட் மலிவுப் பதிப்பும், பரிசளிப்போருக்கென ஹாமட் பில்லிங்ஸ் வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களுடன் கிறிஸ்துமஸ் பதிப்பும் வந்தன. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களுக்காக ஜெர்மன் பதிப்பும் போட்டார். நாவலில் வரும் சிறுமி ஈவாவைப் பற்றிக் கவிஞர் விட்டியர் எழுதிய பாடலை இசைக்குறிப்புடன் தனித்தாளாக விற்றார். நாவல் பிரிட்டனில் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றும் ஜூவெட்டுக்கு அதில் எதுவும் வரவில்லை. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்குமிடையே பதிப்புரிமை ஒப்பந்தம் அப்போது கிடையாது.

1853இல், நாவலில் சொன்னவை கற்பனையல்ல என்று ஆவணங்களோடு காட்டும் ஸ்டோவின் துணை நூலையும் அவரே வெளியிட்டார். அதற்குப் பின் ஸ்டோவ் விலகினார். அவருடைய பயண நூலையும் (1854), 'டிரெட்' நாவலையும் (1856) வெளியிட்டது வேறு யாருமல்ல, முதலில் கைகழுவிய அதே ஃபிலிப்ஸ், சாம்ப்சன். கொள்கைக்காகத் துணிந்தவரிடம் பேரம் சரியில்லை என்று, பயந்தவரிடம் போனது புத்தக வணிகத்தில் அபூர்வமான காட்சியல்ல.

ஜூவெட் அதனால் ஓய்ந்துவிடவில்லை. மரியா சூசன்னா கமின்ஸ் என்ற புதிய எழுத்தாளரின் 'தி லாம்ப்லைட்டர்' நாவலை 1854இல் வெளியிட்டு, எட்டு வாரங்களில் 40,000 படிகள் விற்றுக் காட்டினார். முதல் வெற்றி வெறும் அதிர்ஷ்டம் என்போருக்கு இதுவே பதில். விளம்பரத்துக்கும் பெரும் பதிப்புகளுக்கும் பணத்தை வாரி இறைக்கும் இந்த முறை கடன் கிடைக்கும் வரைதான் ஓடும். 1857ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வங்கிகள் கையை விரிக்க, ஜூவெட்டின் நிறுவனம் நொடித்தது. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' பின்னர் டிக்னர், ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் சேர்ந்தது.

அதன்பின் அவர் மருந்து வணிகத்தில் இறங்கினார். பின்னர் நியூயார்க்கில் மறுபடி புத்தகம் விற்றார். பழைய உயரத்தை எட்டவில்லை. 1884இல் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் காலமானார்.