நூலும் கூட்டமும்: கொழும்புத் தமிழரின் வாசிப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நூலகம் என்றதும் மௌனமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் நம்மவரது வாசிப்பு வரலாற்றை நோக்குமிடத்து, நூலும் கூட்டமும் நெடுங்காலம் பிரிந்திருக்கவில்லை என்பது புலனாகும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்த புராண படனத்தில் ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் கூடியிருந்து கேட்டனர். இருபதாம் நூற்றாண்டில் ஊர்களில் எழுந்த வாசிகசாலைகள் இம்மரபுக்குப் புதிய வடிவம் அளித்தன. பத்திரிகை படிப்பதும் படித்ததைப் பற்றி வாதிடுவதும் அங்கே ஒரே செயலின் இரு பகுதிகளாயிருந்தன. பல ஊர்களில் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் ஒன்றாகவே இயங்கியமை தற்செயலானதன்று.

கொழும்பில் நூலகத்தின் தோற்றம் வேறு வகையானது. 1824இல் கொழும்பு நூலகமும் 1829இல் புறக்கோட்டை நூலகமும் தோன்றின. குடியேற்ற ஆட்சிக்காலத்துச் சந்தா நூலகங்களாகிய இவை, ஆங்கிலம் கற்ற சிறுதொகையினருக்கே பயன்பட்டன. 1925இல் இவ்விரண்டும் இணைந்து கொழும்புப் பொது நூலகமாயின. 1980 டிசெம்பரில் அதற்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கதவு படிப்படியாக அகன்றதெனினும், ஊர் வாசிகசாலையில் நிலவிய உறவும் உரையாடலும் தலைநகரில் தாமாக வந்து சேரவில்லை.

உத்தியோகத்தின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் கொழும்புக்கு வந்து வாடகை அறைகளில் வாழ்ந்த தமிழர், அவ்வெற்றிடத்தைத் தாமே நிரப்ப வேண்டியவராயினர். கொட்டாஞ்சேனையில் 1902இல் தோன்றிய விவேகானந்த சபை, சொற்பொழிவுகளாலும் சைவசமயத் தேர்வுகளாலும் மக்களை ஒன்றுசேர்த்தது. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் அமைந்த அதன் கட்டடத்தில் நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றுள்ளன. சங்கம் நடத்திவந்துள்ள 'அறிவோர் ஒன்றுகூடல்' போன்ற நிகழ்ச்சிகளையும் 'ஓலை' என்னும் இதழையும் நோக்கின், நூலைத் தேடி வந்தவன் கேட்போனாகவும், கேட்போன் பேசுவோனாகவும், பேசியவன் எழுதுவோனாகவும் வளர்வதற்கு ஆங்கு வழியிருந்தமை தெரியவரும்.

கூட்டுறவே நூலகத்தின் உயிர் என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் துயரமிக்க சான்றாகும். 1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்தில் தொடக்கிய சிறு முயற்சி, மறு ஆண்டில் வாடகை அறைக்கு மாறி, பொதுமக்களின் ஆதரவால் வளர்ந்து, 1959இல் மாளிகை போன்ற கட்டடத்தை அடைந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஈடுசெய்யவியலாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றுட் சேர்ந்தன. அவ்விழப்பை எவ்வாற்றானும் சிறிதாக்கிக் கூறுதல் தகாது. எனினும் அதன்பின் பலரும் நூல்களை மீண்டும் சேர்க்க முன்வந்தமை, எரிந்த கட்டடத்தைவிட அதனை உருவாக்கிய சமூக உணர்வு வலிது என்பதைக் காட்டிற்று.

1983 யூலை வன்செயலும் அதன்பின் நீண்ட போரும் வெள்ளவத்தையின் வாழ்வை மாற்றின. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்து வந்தோர் விடுதிகளிலும் தொடர்மாடிகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். வீட்டில் ஒரு மேசைக்கும் இடமில்லாத மாணவனுக்கு நூலக இருக்கையே படிப்பறையாயிற்று. அவனுக்கு வேண்டியது மௌனமே. அதனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஆயினும் வினாத்தாள்களுடன் வந்து வினாத்தாள்களுடனேயே திரும்பும் தலைமுறை ஒன்று உருவாகுமாயின், நூலகம் பரீட்சை மண்டபத்தின் முன்னறையாகச் சுருங்கிவிடும். அருகிலிருந்து படிப்பவன் யாரென்று அறியாமலே ஆண்டுகள் கழிந்துவிடும். மாணவராகிய நம்முட் பலர் இந்நிலைக்கு விலக்கானவர் அல்லர்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தினால், ஈழத்து நூல்கள் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே வாசிக்க முடிகின்றது. அழிவின் அச்சத்தைக் குறைக்கும் அரும்பணி இது. ஆனால் நூலைப் பெறுவதற்காக நூலகத்துக்குச் செல்ல வேண்டிய தேவை குறையுந்தோறும், மனிதரைச் சந்திப்பதற்காகச் செல்ல வேண்டிய தேவை மிகுகின்றது. நூலகம் வளரும் உயிரி என்பது, சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது. அவ்வளர்ச்சியைப் புத்தகத் தட்டுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது.

மௌனமா, உரையாடலா என்ற வினாவுக்கு ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கொள்ளுதல் விடையாகாது. வாசிப்பறைக்கு மௌனமும் அடுத்த மண்டபத்துக்கு உரையாடலும் உரியனவாகுக. இரண்டுக்கும் இடையிலுள்ள கதவைத் திறந்து வைப்பதே நம் தலைமுறையின் கடமையாகும்.