பெருந்தொற்றுக் காலத்தின் மனநலப் பாதிப்புகளும் பணிச்சோர்வும்

கோவிட்-19 பெருந்தொற்று அடங்கிய பிறகும் சிலரிடம் உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், எதிலும் பற்றின்மை, தீராத அலுப்பு ஆகியவை விலகாமல் நீடிக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வாழும் நோயாளிகளுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் இந்நிலைகளைப் பற்றி விளக்குவது இப்பக்கத்தின் நோக்கம். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இத்தகைய தொல்லை இருப்பின், அது மனவலிமைக் குறைவு அன்று. சிகிச்சையால் சீராகக்கூடிய உடல்நலப் பிரச்சினையே.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. 2023 மே 5 அன்று அவசரநிலை முடிவுற்றதாகத் தெரிவித்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே மனச்சோர்வு நோயும் மனப்பதற்ற நோயும் உலக அளவில் ஏறத்தாழ 25 விழுக்காடு அதிகரித்தன என்று அந்நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பெண்களும் இளைஞர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

நம் பகுதியில் நேர்ந்தவை

மனநலப் பாதிப்பு வெற்றிடத்தில் தோன்றுவதில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது, ஆவடி வழியே சென்னைக்குச் செல்லும் புறநகர் மின்சார ரயில்கள் நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் இன்றியமையாப் பணியாளர்களுக்கு மட்டும் இயக்கப்பட்டு, பின்னர்ப் படிப்படியாகவே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் வார ஊதியத்தையே நம்பியிருந்தவர்களுக்கு, ரயில் இல்லாத மாதங்கள் வருமானம் இல்லாத மாதங்களாகவும் அமைந்தன. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி விற்பனை பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதி வரை அங்கு மூட்டை சுமந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும், தாம் வீட்டுக்கு நோயைக் கொண்டு செல்கிறோமோ என்னும் அச்சத்துடனேயே நாள்களைக் கழித்தனர். 2020 ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும், 2021 மே 10 முதல் மாநிலம் முழுவதிலும் மீண்டும் முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

இவ்வனுபவங்களை நினைவுகூர்ந்து மருத்துவரிடம் சொல்வது பயனுடையது. “எப்போது தொடங்கியது?” என்னும் கேள்விக்கு, “வேலை போன அந்த மாதத்தில்” என்பதும் ஒரு மருத்துவத் தகவலே.

பணிச்சோர்வு என்றால் என்ன?

‘பர்ன் அவுட்’ என்று பரவலாக அழைக்கப்படும் பணிச்சோர்வு, பணியிடத்தில் நெடுநாள் நீடித்து, கையாளப்படாமல் விடப்பட்ட மன அழுத்தத்தின் விளைவாகும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, இதனை நோயாகக் குறிப்பிடாமல் பணி சார்ந்த நிலை எனக் குறிப்பிடுகிறது. ஆற்றல் வற்றிப்போன உணர்வு, வேலையின் மீது வெறுப்போ விலகலோ தோன்றுதல், செய்யும் வேலை பயன் தருவதில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் இதன் கூறுகள். காய்ச்சல் முகாம்களில் நின்ற செவிலியர், வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர், தூய்மைப் பணியாளர், காவலர், இடைவிடாமல் ‘ஷிப்ட்’ பார்த்த தொழிலாளர் ஆகியோரிடம் இந்நிலை காணப்பட்டது.

மேற்கண்ட வரையறை பணியிடத்துக்கு மட்டுமே உரியது. படுக்கையில் இருக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் மருமகளின் சோர்வு அதற்குள் அடங்காது. ஆயினும் அதுவும் பணியே; ஊதியமும் வார விடுமுறையும் அதற்கு இல்லை என்பதுதான் வேறுபாடு. பராமரிப்பாளராகிய நீங்கள் இப்பகுதியை உங்களுக்கும் உரியதாகவே கொள்ளலாம்.

பணிச்சோர்வையும் மனச்சோர்வு நோயையும் வேறுபடுத்தி அறிதல் முக்கியம். பணிச்சோர்வு உள்ளவர் சில நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றால் ஓரளவு தெளிவு பெறுவார். பேரப்பிள்ளையுடன் விளையாடினால் சிரிப்பார். மனச்சோர்வு நோயில் அத்தகைய இடைவெளி பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி துயரமோ ஈடுபாடின்மையோ நீடித்து, உறக்கமும் பசியும் மாறி, தன்னைத்தானே குற்றஞ்சாட்டும் எண்ணம் வலுத்தால், மருத்துவரை அணுக வேண்டும். கவனிக்கப்படாத பணிச்சோர்வுடன் மனச்சோர்வு நோயும் சேர்ந்துகொள்வது உண்டு. ஆகவே எது என்று நீங்களே முடிவு செய்ய முயல வேண்டாம்.

விடைபெற இயலாத துயரம்

தொற்றுக் காலத்தில் இறுதிச் சடங்குகளில் 20 பேருக்கு மேல் கூட அனுமதி இல்லை. மருத்துவமனையில் இறந்தவரின் முகத்தை அருகிருந்து காண இயலாதவர்களும், பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவினரை அழைக்க இயலாதவர்களும் பலர். “கடைசியில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லையே” என்னும் எண்ணம் ஆண்டுகள் கடந்தும் சிலரை வாட்டுகிறது. துயரம் இயல்பானது, அதற்குக் காலக்கெடு விதிக்க வேண்டியதில்லை. எனினும், ஆறு மாதங்களுக்குப் பிறகும் இழப்பின் வலி தணியாமல், அன்றாடச் செயல்களைத் தடுக்குமளவு இருந்தால், அதற்கெனத் தனி ஆலோசனைச் சிகிச்சை உண்டு. அன்று நடத்த இயலாத நினைவேந்தலை இப்போது குடும்பத்தோடு நடத்துவது சிலருக்கு ஆறுதல் அளிக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று எவரேனும் கூறினால் பொருட்படுத்த வேண்டாம்.

உடல் காரணங்களையும் ஆராய்தல்

கோவிட் தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பும், மறதியும், மூச்சுத்திணறலும் மனநோய் அல்லாமலும் இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்பாடற்ற சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். எனவே முதலில் எளிய இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. “எல்லாம் மனசுதான்” என்று சோதிக்காமலே ஒதுக்கிவிடுவதும், சோதனைகள் சீராக இருந்தும் மனநலச் சிகிச்சையை மறுப்பதும் ஒரே அளவு தவறானவை.

நாள்தோறும் மது அருந்துபவர் திடீரென நிறுத்தும்போது கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதவை தெரிதல் ஆகியவை ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தானது. வீட்டில் வைத்துச் சமாளிக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

சிகிச்சை

மிதமான நிலையில் ஆலோசனைச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தேவைப்பட்டால் மருத்துவர் மனச்சோர்வு நீக்கி மாத்திரைகளைப் பரிந்துரைப்பார். இவற்றின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ தலைவலியோ தோன்றி, பலன் மட்டும் தெரியாததால் பலர் அப்போதே நிறுத்திவிடுகின்றனர். சிகிச்சை முறிவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். இம்மாத்திரைகள் அடிமைப்படுத்துவன அல்ல. ஆனால் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பழகிப்போகும் ஆபத்து உண்டு.

பணிச்சோர்வுக்கு மாத்திரை மருந்தாகாது. வேலை நேரம், ஓய்வு, பொறுப்புப் பகிர்வு ஆகியவை மாறாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்வதால் நிலையான பயன் கிடைப்பது அரிது. வீட்டில் நோயாளியைக் கவனிப்பவருக்கு வாரத்தில் ஒரு பகல் முழுவதும் வேறொருவர் பொறுப்பேற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைக் குடும்பத்தினர் கூடிப் பேசி வகுக்கவும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்

“நான் இருந்து யாருக்கு என்ன பயன்?” என்பது போன்ற பேச்சு, உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்தல், திடீரெனக் கடன்களைத் தீர்த்து விடைபெறுவது போல் பேசுதல் ஆகியவற்றை விளையாட்டாகக் கொள்ள வேண்டாம். “சாகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது; கேட்கப்படுவது பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கிறது. அறிவுரை கூறாமல் செவிமடுக்கவும். அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லியையும் மிகுதியான மாத்திரைகளையும் அகற்றிவிட்டு, உதவிக்கு அழைக்கவும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். ஆகவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதிக்க வேண்டாம்.

எங்கு உதவி பெறலாம்?

14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் மனநல ஆலோசகருடன் தமிழில் பேசலாம். இச்சேவை இரவிலும் பகலிலும் இயங்குகிறது. 104 எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்து எனில் 108-ஐ அழைக்கவும். அம்பத்தூர் சென்னை மாவட்டத்திலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் இரு மாவட்டங்களிலும் உள்ளது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காண்பித்து, தேவையெனில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கோ செல்லலாம்.

முதல் முறை செல்லும்போது, தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் (சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட), கோவிட் காலத்துச் சிகிச்சைச் சீட்டு இருப்பின் அதனையும் எடுத்துச் செல்லவும். கடந்த ஒரு வாரத்தில் உறங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். உடன் வருபவர் முதலில் சிறிது நேரம் வெளியே அமர்ந்து, நோயாளி தனியே பேச வாய்ப்பளிக்கவும்.