21 என்ற எண்ணின் கதை

அமெரிக்காவில் 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம். ஆனால் ஒரு பீர் வாங்க 21 வயது ஆகவேண்டும். ஏன் இந்த மூன்று வருட வித்தியாசம்?

வியட்நாம் போர் நடந்த காலம். "போரில் சாக வயது வந்துவிட்டது, ஓட்டுப் போட மட்டும் வரவில்லையா?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் ஓட்டுரிமை வயதை 18 ஆக்கியது. அதே அலையில், 1970 முதல் 1975 வரை 29 மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன.

விளைவு சாலைகளில் தெரிந்தது. இளைஞர்களின் கார் விபத்துகள் கூடின. வயது வரம்பு குறைவாக இருந்த பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் குடித்துவிட்டு, காரில் திரும்பும் வழியிலேயே பலர் இறந்தார்கள். அந்த எல்லைகளுக்கு "ரத்த எல்லைகள்" என்றே பெயர் வந்தது.

மது வயது மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்ததால் மத்திய அரசு பணத்தைப் பிடித்தது. 1984 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி, வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன.

இதுவரை மூளையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சிறுவயதிலேயே மூளை வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. 1999-ல் ஜே கீட் என்ற மருத்துவரின் குழு, அதே பிள்ளைகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த முடிவுகளை வெளியிட்டது. மூளையின் முன்பகுதி சுமார் 12 வயது வரை பருத்து, பிறகு தேவையற்ற இணைப்புகளைக் கழித்துக்கொண்டே போகிறது! நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் இந்தப் பகுதிதான் கடைசியில், இருபதுகளின் நடுவில் முதிர்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதியோ முன்பே விழித்துவிடுகிறது.

செதுக்கி முடியாத அந்த மூளையில்தான் போதை பழக்கமாக ஊன்றுகிறது. 15 வயதுக்குள் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதாக 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். குடும்பச் சூழலுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், வித்தியாசம் சின்னதல்ல.

சட்டம் இறந்தவர்களை எண்ணி 21-க்கு வந்து சேர்ந்தது. காரணத்தின் ஒரு பகுதியை ஸ்கேன் பிறகுதான் காட்டியது. உரிமை கிடைக்கும் வயதும் மூளை முதிரும் வயதும் வேறு வேறு என்பதைக் கற்க அந்நாடு கொடுத்த விலை, அதன் பிள்ளைகள்.