காப்பு வரிசை – 9: இரண்டு கப்பல், ஒரு கோபாலன்

சென்ற வாரம் கோபாலனைத் தியான்சந்தின் கூட்டத்தோடு தென்கடலில் விட்டுவிட்டு வந்தோம். 1935இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் சுற்றிய இந்திய ஹாக்கி அணி 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது. அதில் 201 தியான்சந்தின் மட்டையிலிருந்து வந்தவை. அடிலெய்டில் டான் பிராட்மன் நேரில் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். கோல் கணக்கில் கோபாலன் பெயரைத் தேடி அலைய வேண்டாம். அவருக்குக் கொடுத்திருந்த வேலை வேறு.

அன்றைய ஹாக்கியில் முன்வரிசையில் ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று ஹாஃப், அதற்கும் பின்னால் இரண்டு ஃபுல் பேக், கடைசியில் கோலி. மூன்று ஹாஃபில் நடுவே நிற்பவர் சென்டர் ஹாஃப்; கோபாலனின் இடம் அதுதான். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டு மேலே ஏறி வரும்போது மறிக்க வேண்டியவர் அவர்தான். பறித்த பந்தை ஒரு கணம்கூட வைத்துக்கொள்ளாமல் தன் முன்வரிசைக்கு வாகாகத் தள்ளிக் கொடுக்க வேண்டியவரும் அவரே. பந்தைக் கையால் நிறுத்தவும் அன்று விதியில் இடம் இருந்தது. பிடிக்கக் கூடாது, தட்டி விடக் கூடாது. உள்ளங்கையில் பட்ட பந்து நேரே கீழே விழ வேண்டும், விழுந்த மாத்திரத்தில் மட்டை அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மேடு பள்ளமான மைதானத்தில் முழங்கால் உயரத்துக்கு எகிறி வரும் பந்தை இப்படிக் குனிந்து நிறுத்தப் பயமில்லாத கை வேண்டும். சேப்பாக்கத்தில் ஃபீல்டிங் செய்து காய்த்துப்போன கைக்கு அது கூடுதல் லாபம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக முன்கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன், செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர், திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவர் பந்து வீசுவதைப் பார்த்து, இவன் தேறுவான் என்று முடிவுகட்டியவர் மெட்ராஸ் கிரிக்கெட்டின் வெள்ளைக்காரப் பெரிய தலை சி.பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஜார்டினின் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை என்ற போட்டியே தொடங்கியபோது, அதன் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, மறுபடி 59. மெட்ராஸ் 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. ராம் சிங் 11 விக்கெட் எடுத்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். முதல் பந்து மட்டும் கோபாலன் கணக்கில் நின்றது.

இப்போது 1936. கோடை பிறக்கிறது. இரண்டு கப்பல்கள்.

ஒன்று இங்கிலாந்து போகும் கிரிக்கெட் கப்பல். மற்றது பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் போகும் ஹாக்கி கப்பல். இரண்டு பயணமும் ஒரே பருவத்தில் விழுந்தன. இங்கிலாந்தில் ஆட்டங்கள் மே முதல் செப்டம்பர் வரை இழுக்கும், ஒலிம்பிக் ஆகஸ்டில். ஒன்றில் ஏறினால் மற்றதற்குக் கையசைக்கத்தான் முடியும். முந்தைய ஆண்டுதான் தியான்சந்தோடு கடல் கடந்து ஆடித் திரும்பியவர். ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குப் போனால் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. கோபாலன் கிரிக்கெட் கப்பலில் ஏறினார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். கைக்கு எட்டிய தங்கத்தைக் கோட்டை விட்டாரே என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. முடிவு தெரிந்த பிறகு புத்தி சொல்ல யாருக்குத்தான் வராது?

அவர் இடத்தில் நின்று பாருங்கள். ஐந்தாம் வாரத்தில் பனித்தரை ஹாக்கி வீரர் எடி ஷோரைப் பார்த்தோம், நினைவிருக்கும். 1926 முதல் போஸ்டன் புரூயின்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். கோபாலன் ஈடன் தோட்டத்தில் இறங்குவதற்குச் சில வாரம் முன்னால், 1933 டிசம்பரில், டொராண்டோவின் ஏஸ் பெய்லியைப் பின்னாலிருந்து மோதித் தள்ளி மண்டையை உடைத்தவர். பெய்லி பிழைத்தார், ஆனால் அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. ஷோர் தடையை அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்து ஆடினார். லீகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதை 1935இலும் வாங்கினார், 1936இலும் வாங்கினார். மொத்தம் நான்கு முறை. இன்றுவரை வேறெந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அது வாய்க்கவில்லை. ஷோருக்கு ஹாக்கி என்பது தொழில். எதிராளியை மறித்து நிறுத்துவதற்கு அவருக்குச் சம்பளம் வந்தது.

நம் ஊர் ஹாக்கியில் சம்பளம் ஏது? தியான்சந்தே பட்டாளத்துக்காரர், வயிற்றுப்பாட்டைப் பட்டாளம் பார்த்துக்கொண்டது. கோபாலனுக்குச் சோறு போட்டது பர்மா ஷெல். அந்த நாற்காலி கிடைத்தது கிரிக்கெட் பந்தால், கொடுத்தவர் கிரிக்கெட்காரர். போதாக்குறைக்கு, ஒரு டெஸ்டோடு ஒதுக்கப்பட்டவருக்கு, இரண்டாவது டெஸ்ட் ஆடும் வழி இங்கிலாந்து வழியாகத்தான் இருந்தது. அடுத்த அழைப்பு எந்த ஆண்டு வரும் என்று எந்த சோதிடருக்கும் தெரியாது. தன் நிலைமைக்கு அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு என்பதே என் கட்சி. பிசகியது கணக்கு அல்ல, அவர் போய்ச் சேர்ந்த இடம்.

அந்த இடம் எப்படிப்பட்டது? அணித் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார், சுருக்கமாக விஜ்ஜி. ஆட்டத்தைவிட அதிகாரத்தில் கெட்டிக்காரர். முதல் டெஸ்ட் தொடங்குவதற்குள்ளேயே, அணியின் நல்ல ஆட்டக்காரர் லாலா அமர்நாத், ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார். மிச்சமிருந்தவர்கள் இரண்டு மூன்று கோஷ்டி. பந்துவீச்சிலோ முகமது நிசார் ஒரு முனை, அமர் சிங் மறுமுனை. அமர் சிங் அப்போது லங்காஷையர் லீகில் கோல்ன் அணிக்குக் கூலி வாங்கி ஆடிக்கொண்டிருந்தார். டெஸ்டுக்கு மட்டும் கேட்டு வாங்கிவந்தார்கள். ஜூன் 27ஆம் தேதி லார்ட்ஸில் தொடங்கிய முதல் டெஸ்டில் 35 ரன் கொடுத்து 6 விக்கெட் சாய்த்து, இங்கிலாந்தை 134க்குள் சுருட்டினார். இந்தியாவுக்கு 13 ரன் முன்னிலை! அடுத்த இன்னிங்ஸில் 93க்குச் சுருண்டு, ஒன்பது விக்கெட்டில் தோற்றதும் இதே இந்தியாதான்.

அந்த ஆட்டத்தில் கோபாலன் இல்லை.

ஜூலை 25, ஓல்ட் டிராஃபோர்டு. விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். ஒரு மெட்ராஸ்காரர் அங்கே முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று அடித்தார். அவர் கோட்டா ராமசாமி. 1922இல் டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். இரண்டு விளையாட்டுக்காரர், கோபாலனைப் போலவே. வயது நாற்பது! ஆட்டம் டிராவானது.

அங்கேயும் கோபாலன் இல்லை. உள்ளூர்க் கவுண்டிகளோடு ஆடும் ஆட்டங்களுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

அதற்குள் ஹாக்கி அணி பெர்லினில் இறங்கிவிட்டது. இறங்கிய வேகத்தில் ஓர் அடி. ஜூலை 17ஆம் தேதி பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4–1 என்று வீழ்த்தியது. 1928இலும் 1932இலும் தங்கம் வாங்கி, ஒலிம்பிக்கில் தோல்வியே தெரியாமல் இருந்தவர்கள். தியான்சந்துக்கு அன்று இரவு தூக்கம் எப்படி வந்திருக்கும்? ஊருக்குத் தந்தி பறந்தது: தாராவை அனுப்புங்கள். முன்வரிசைக்காரரான தாராவை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். நடு இடத்தில், கோபாலன் ஆடக்கூடிய அந்த சென்டர் ஹாஃப் இடத்தில், கல்லன் நின்றார்.

ஒலிம்பிக் ஆட்டங்கள் தொடங்கின. ஹங்கேரி நான்கு கோல் வாங்கியது, அமெரிக்கா ஏழு, ஜப்பான் ஒன்பது. இந்தியாவின் வலைக்குள் ஒன்றுகூட விழவில்லை. ஆகஸ்ட் 12ஆம் தேதி அரையிறுதி. எதிரணி எது தெரியுமா? பிரான்ஸ்.

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து காரைக்காலுக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவருகிறவர்கள் இந்த வாரம் சற்று நிமிர்ந்து உட்காரலாம். 1936 ஆகஸ்டில் நம் ஊர்க் கொடிக்கம்பத்தில் பறந்தது நீலம், வெள்ளை, சிவப்பு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் பிரிட்டிஷ் ராஜ்யம். வடக்கே பூவத்தைத் தாண்டினாலும் அதே ராஜ்யம். நடுவே அரசலாற்றங்கரையில் நாம் பிரெஞ்சுக் குடிகள். சைகோனுக்குப் போய் உத்தியோகம் பார்த்த குடும்பங்கள், பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனவர்கள், அவர்கள் பென்ஷன், எல்லாம் அந்தக் கொடியின் கீழ்தான். காகிதப்படி பார்த்தால் ஆகஸ்ட் 12 அன்று காரைக்காலின் அணி பிரான்ஸ். ரத்தப்படி பார்த்தால்? பெர்லினில் அந்த ஆட்டம் நடப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், ஜூலை 30 அன்று, புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளைக் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மீது அந்தக் கொடியின் துப்பாக்கிகள் சுட்டு, 12 பேர் செத்தார்கள். சவானா ஆலை வாசலில் சிந்திய ரத்தத்தின் சேதி காரைக்கால் வரை வந்து சுட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

ஆட்ட முடிவு: இந்தியா 10, பிரான்ஸ் 0. இந்தியர்களுக்கு அந்த ஒலிம்பிக்கில் இருந்த கொடியும் சொந்தக் கொடி அல்ல, பிரிட்டிஷ்காரன் கொடுத்த கொடி. ஆக, இரண்டு கடன் கொடிகள் பெர்லினில் மோதிக்கொண்டன. நம்மவர்கள் அந்தப் பத்தை எப்படி எண்ணியிருப்பார்கள் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன்.

இறுதி ஆட்டம் ஜெர்மனியோடு. முன்பு 4–1 என்று அடித்த அதே ஜெர்மனி. அவர்கள் மண், அவர்கள் கூட்டம். நாள் குறித்திருந்தது ஆகஸ்ட் 14.

அன்று மழை கொட்டியது. புல்தரை சேறாகிப்போனது. ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளினார்கள்: ஆகஸ்ட் 15, சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைக்கு லண்டனிலும் ஒரு வேலை இருந்தது. ஓவல் மைதானத்தில் மூன்றாவது, கடைசி டெஸ்ட் அன்றுதான் தொடக்கம். கோபாலன் எந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்த இரண்டும் ஒரே நாள் காலையில் வந்து நின்றன. பெர்லினில் அவர் விட்டு வந்த இடம். ஓவலில் அவர் காத்திருந்த இடம். கோடை முழுக்கப் பெட்டி சுமந்தவருக்கு இனி மிச்சம் இருந்தது இந்த ஒரு டெஸ்ட் மட்டும். நிசாருக்கும் அமர் சிங்குக்கும் துணையாக இன்னொரு மித வேகப் பந்துவீச்சாளருக்கு அணியில் இடம் இருந்தது. அந்த இடத்துக்கு ஆளை முடிவு செய்தது வலைப்பயிற்சி அல்ல, காலைச் சாப்பாட்டு மேசையில் யாரோ யாரையோ பேசிய வசவு என்று கிரிக்கெட் உலகில் இன்றளவும் ஒரு பேச்சு உண்டு.

அதே காலையில் பெர்லினில், உடை மாற்றும் அறையில், முந்தைய தோல்வியை நினைத்து முகம் வாடியிருந்த வீரர்கள் நடுவே, அணியோடு வந்திருந்த பங்கஜ் குப்தா ஒரு கொடியை எடுத்து விரித்தார். அது பிரிட்டிஷ் கொடி அல்ல.

அது எந்தக் கொடி, ஓவல் பட்டியலில் பதினோராவது பெயர் யாருடையது? இரண்டையும் அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)