இடத்தை நம்பிய சட்டமும் இடம்பெயரும் கிரேனும்

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் நான் தங்கியிருக்கும் தெருவில், அண்மையில் லாரியில் பொருத்திய கிரேன் ஒன்று தண்ணீர்த்தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றியது. அவுட்ரிகர் எனப்படும் பக்கவாட்டுத் தாங்குகால் ஒன்று இரண்டு செங்கற்களின்மேல் நின்றது. விபத்தேதும் நேரவில்லை. ஆயினும், இதை இயக்கியவருக்குப் பயிற்சியளித்தவர் யார் என்னும் கேள்வி என்னைத் தொழிலாளர் சட்ட வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

பாரந்தூக்கும் தொழிலின் பாதுகாப்பு விதிகளுக்குத் துறைமுகம் ஒரு முக்கிய ஊற்று. ஒரு டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள கப்பல் பொதிகளின்மீது எடையைப் பொறிக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1929இல் உடன்படிக்கை செய்தது. தூக்குபவர் எடையை அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1934இல் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பாரந்தூக்கிகளை 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் சோதிக்க வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள் இயக்குபவரைப் பற்றியும் பேசின: 18 வயது கடந்தவராகவும், திறனுடையவராகவும், தொழிலின் இடர்களை அறிந்தவராகவும் அவர் இருத்தல் வேண்டும்.

இச்சட்டங்கள் யாவும் துறைமுகம், ஆலை, கட்டுமானத் தளம் என ஏதேனும் ஓர் இடத்தைச் சார்ந்தவை. லாரி கிரேனோ இடம்பெயர்வது. சாலையில் அதன் ஓட்டுநரிடம் கேட்கப்படும் உரிமம் வண்டியோட்டும் திறனுக்குரியது. பாரந்தூக்கும் திறன் வேறு. எடை மாறாவிடினும், கரம் வெளிப்புறமாக நீள நீளக் கவிழ்க்கும் விசை கூடும். நிலமும் ஏமாற்றக்கூடும். லேக் கார்டன்ஸை அடுத்துள்ள ரவீந்திர சரோவர், 1920களில் சதுப்பு நிலத்தில் வெட்டப்பட்ட ஏரி. இத்தகைய மண்ணில் தாங்குகாலின் கீழே அகன்ற பலகை இடுவது பயிற்சியின் முதற்பாடமாதல் வேண்டும்.

2023 ஜனவரி 22 அன்று, அரக்கோணம் அருகே கீழ்வீதியில் மண்டியம்மன் கோயில் திருவிழாவில் கிரேன் கவிழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். அது துறைமுகமன்று, ஆலையன்று, கட்டுமானத் தளமுமன்று. விபத்துக்குப் பின்னர் இயக்குபவர் காவல்துறையிடம் பிடிபட்டார். பயிற்சியின்போது அவரைத் தேடாத அரசு, பலி நேர்ந்த பின்னரே தேடியது.

ஆகவே, பயிற்சிச் சான்று தளத்தையன்றி மனிதரைத் தொடர வேண்டும். கிளீனராகச் சேர்ந்து, பார்த்துப் பழகி, கிரேன் இயக்கக் கற்றவர்களின் வாய்மொழி வரலாறு பெரிதும் எழுதப்படாமலே கிடக்கிறது. தொழிலாளர் வரலாறு பயிலும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.