பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாய்ந்த கதை



சுவிட்சை ஏன் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்: பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. அந்த விதிக்கு விலக்குக் கிடைத்த வரலாறு இது. உங்களில் சிலர் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறீர்கள். முக்கியமாக அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1967, டோக்கியோ தொழில்நுட்பக் கழகம். முந்தைய ஆண்டுதான் முனைவர் பட்டம் பெற்ற ஹிடேகி ஷிராகவா அங்கே ஆய்வு உதவியாளர். அசிட்டிலீன் வாயு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பாலிஅசிட்டிலீன் ஆக்கும் வேலை. வழக்கமாகக் கிடைப்பது தூள்தான். ஒருமுறை கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் வினையூக்கியைச் சொன்ன அளவைவிட ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டார். 'மில்லி' என்ற ஒரு சொல் விட்டுப்போனதால் வந்த வினை என்பார்கள். தூளுக்குப் பதில் படலம் படிந்தது. ஷிராகவா அதைத் தூக்கி எறியவில்லை. காரணத்தைத் தேடி, செய்முறையைச் சீராக்கி, வெள்ளிபோல் மின்னும் படலத்தை வேண்டும்போதெல்லாம் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்.

பார்வைக்கு உலோகம், ஆனால் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தவில்லை. ஹாலஜனோடு வினைபுரிய விட்டபோது அது அகச்சிவப்புக் கதிரை விசித்திரமாக உட்கவர்ந்தது. அதையும் ஷிராகவா கண்டார். ஆனால் அவர் வேதியியலர். மின்கடத்தலை அளந்து பார்க்கும் எண்ணம் அப்போது எழவில்லை.

1975-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் மெக்டயர்மிட் டோக்கியோ வந்தார். தேநீர் இடைவேளையில் ஷிராகவா தன் படலத்தைப் பற்றிச் சொன்னார். மெக்டயர்மிட் அவரை உடனே அழைத்தார். அங்கே ஆலன் ஹீகர் என்ற இயற்பியலரும் இருந்தார். 1976 நவம்பரில் படலத்தின் மேல் புரோமின் ஆவியைச் செலுத்தி அளந்தார்கள். மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது!

காரணம் எளிது. நெரிசலான டவுன் பஸ்ஸில் யாரும் நகர முடியாது. ஒருவர் இறங்கினால் அந்த இடத்துக்கு அடுத்தவர், அவர் இடத்துக்கு இன்னொருவர் என்று நகர்வு தொடங்கும். கார்பன் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களை 'இறக்கிவிட்டது' புரோமின். 1977-இல் கட்டுரை வெளியானது. மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது ஒளி. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் வான் ஸ்லைக்கும் சிறு கரிம மூலக்கூறுகளின் மெல்லிய அடுக்குகளில் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஒளி வரவைத்தார்கள். இன்றைய ஓஎல்இடி கைப்பேசித் திரைகள் அந்த வழி வந்தவை. 1989-இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்டின் குழுவில் இருந்த ஜெரமி பரோஸ், ஒரு பாலிமர் படலத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது அது ஒளிர்வதைக் கண்டார். 1990-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலும் இயற்பியலர்கள், வேதியியலர்கள் இருதரப்பின் பெயர்களும் உண்டு.

எல்லோரும் இதை 'தவறில் பிறந்த கண்டுபிடிப்பு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தவறு நடந்தது 1967-இல். அதன் பொருள் தெரிந்தது 1976-இல். இடையில் ஒன்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதற்குப் பின்னும், வேறு துறைக்காரர் ஒருவர் வேறு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே, ஆய்வில் இருக்கும் பிள்ளைகளே, எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று சோர்ந்து போகாதீர்கள். வந்ததைக் குறித்து வையுங்கள். பக்கத்துத் துறையில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் ஆசிரியர்