செம்மண் சாலை முடியும் இடம்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா ஓட்டிய சைக்கிளுக்கு யாரும் பாதை போட்டுக் கொடுக்கவில்லை. பால்மர நிரைகளுக்கு நடுவே சக்கரம் போய்ப் போய் விழுந்த தடம்தான். கேரியரில் பால் வாளி கனக்க, எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போவார்கள். "மண் ரோட்ல விழுந்தா முட்டிதான் பேக்கும். சிம்பாங்ல விழுந்தா ஆளே போயிருவான்" என்பார் அப்பா. தார்ச்சாலையைத் தொடும் அந்தச் சந்தியில் ஒரு லாரி மோதியதில்தான் அவர் வலது காலுக்குள் இரும்புத் தகடு வந்தது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் தோட்டத்து ஆட்கள் ஷா ஆலம், கிள்ளான் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். சைக்கிள் போய்க் கப்சாய் வந்தது. அங்கே அவர்களுக்காகவே போட்டது போல ஒரு பாதை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியோடு கூட்டரசு நெடுஞ்சாலை ஓரமாக அமைத்த தனி மோட்டார் சைக்கிள் தடம். உலகிலேயே முதலாவது என்பார்கள். 1993இல் அதை நீட்டித்தார்கள். ராடின் உமாரும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, அதன்பின் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 34 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது.

படிக்கும் காலத்தில் இந்த எண்ணை நான் பெருமையாக மாமாவிடம் சொன்னேன். இரவு ஷிப்ட் முடிந்து பல வருடம் அந்தத் தடத்தில் வந்தவர் அவர். சிரித்தார். "பகல்ல அதுலதான் போவேன். ராத்திரியில காரோட காரா மேல போயிருவேன்." கார் சாலைக்கு மிஞ்சிய இடத்தில் நுழைத்த பாதை அது. மேம்பாலங்களுக்கு அடியில் குறுகி, சட்டென்று வளைந்து, சுரங்கமாக இறங்கும். மழையில் தண்ணீர் நிற்கும். இருட்டில் வழிப்பறிக்காரன் நிற்பான். மோதலைக் குறைத்த வடிவமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பயந்து மேலே ஏறிப் போனவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதையாவது கல்லும் புல்லும் வைத்துப் பிரித்தார்கள். 2018இல் உலக நகர்ப்புற மாநாட்டையொட்டிக் கோலாலம்பூர் சாலைகளில் சைக்கிளுக்கென்று நீலச் சாயம் அடித்தார்கள். கார்கள் அதன்மேலேயே நின்றன. சாயத்துக்கு யார் ஒதுங்குவார்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பா பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த சிம்பாங்கில் இன்னும் விளக்கு இல்லை. கப்சாயை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டார். லாரிச் சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடியும் உதைத்தார்.